துணைக்கட்டளைக்கு ஒரு பாயிரம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் கணிப்பொறியின் உதவித்திரையைப் பற்றிப் பேசப் புகுவது, கல்யாணப் பந்தியில் கணக்கேட்டை விரிப்பதுபோலத் தோன்றக்கூடும். ஆயினும் ஒரு செயலை ஒரே வரியில் விளக்குவது எங்ஙனம், அவ்வரி யாரை நோக்கிப் பேசவேண்டும், அதன் நீளத்தை எதனால் அளப்பது என்னும் வினாக்கள் அங்கே எழுகின்றன. இவை கவிதை எழுதுவோர்க்கு நாளும் பழகிய வினாக்கள். நிரல் எழுதுவோர் இவற்றைத் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள முயன்று வருகின்றனர். அந்த முயற்சியில் தமிழ் நுழையும்போது என்ன நேர்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

இன்று பெரும்பாலோர் திரையில் தெரியும் படங்களைத் தொட்டோ சொடுக்கியோ கணிப்பொறியை இயக்குகின்றனர். நிரலர்களோ இன்னும் சொற்களாலும் அதனை ஏவுகின்றனர். வெற்றுத் திரையில் ஒரு வரி. அவ்வரியில் ஒரு சொல். அதனைத் தட்டெழுதி முடித்தால் வேலை நடந்துவிடும். இதனைக் கட்டளை வரி என்பர். இங்கே பொத்தான்களும் பட்டியல்களும் இல்லை. என்னென்ன செய்யலாம் என்று கண்ணால் கண்டு தேர்ந்தெடுக்க வழியில்லை. பெயர் அறிந்தவர்க்கே கதவு திறக்கும். அறியாதவர் கேட்டால் சொல்வதற்கென்று வைக்கப்பட்டதே உதவித்திரை. கட்டளையின் பெயரை எழுதி, அருகே ‘--ஹெல்ப்’ என்று சேர்த்தால், அக்கட்டளை தன்னைத்தானே விளக்கிக்கொண்டு சில வரிகளை அச்சிடும். வேலை எதையும் செய்யாமல் நின்றுவிடும்.

இம்மரபின் வேர் யூனிக்ஸ் கையேட்டில் உள்ளது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற்பதிப்புக் கையேடு 1971 நவம்பர் 3 ஆம் நாள் என்னும் தேதியைத் தாங்கியது. அதில் ஒவ்வொரு கட்டளையும் ஒரே அமைப்பில் விளக்கப்பட்டது: பெயர், எழுதும் வடிவம், விளக்கம், தொடர்புள்ள கோப்புகள், ஒப்புநோக்க வேண்டிய பிற கட்டளைகள், ஆக்கியோர் என்ற வரிசை. அவற்றினூடே ‘பிழைகள்’ என்றொரு தலைப்பும் இருந்தது. தாம் செய்த பொருளின் குறையைத் தாமே அச்சிட்டுக் கொடுத்த அந்த நேர்மையை இன்றைய விளம்பர உலகில் காண்பதரிது.

இவ்வமைப்பைக் காணும் தமிழ் மாணவர்க்கு நன்னூலின் பாயிரம் நினைவில் எழாமல் இராது. நூலின் பெயர், ஆக்கியோன், நுதலிய பொருள், கேட்போர், பயன் உள்ளிட்ட எட்டினைச் சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டும் என்று பவணந்தியார் வகுத்தார். நூலுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று சொல்லவேண்டியவை இவை. யூனிக்ஸ் கையேடு இவற்றுள் பலவற்றைத் தன்போக்கில் கண்டடைந்தது. ‘கேட்போர்’ என்னும் ஒன்றை மட்டும் அது தவறவிட்டது. படிப்பவர் யார் என்பதை அது சொல்லவில்லை. தம்மைப் போன்ற நிரலர் என்று கொண்டுவிட்டது. உதவித்திரைகளின் குறைகளுள் பெரும்பாலானவை அந்த விடுபாட்டிலிருந்து பிறந்தவை எனலாம்.

தொடக்கத்தில் ஒரு கட்டளைக்கு ஒரு வேலைதான். காலப்போக்கில் ஒரே பெயரின்கீழ்ப் பல வேலைகள் குடியேறின. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய ‘கிட்’ என்னும் நிரல் இதற்குத் தக்க சான்று. எழுதியதைத் திருத்தத் திருத்த, ஒவ்வொரு திருத்தத்தையும் வரலாற்றோடு காத்து வைக்கும் நிரல் அது. லினக்ஸ் மையநிரலுக்காகப் பிறந்தது. ஒரு கவிதையின் பத்து வரைவுகளைக் காக்கவும் உதவும். முதலில் அதன் உறுப்புகள் ‘கிட்-ஆட்’, ‘கிட்-கமிட்’ என்று இடைக்கோடிட்ட தனித்தனிக் கட்டளைகளாகவே கிடந்தன. 2008இல் வெளிவந்த 1.6.0 பதிப்பில் அவ்விடைக்கோட்டுப் பெயர்கள் பயன்படுத்துவோரின் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அகற்றப்பட்டன. ‘கிட்’ என்று எழுதி, இடம் விட்டு, ‘கமிட்’ என்று எழுதுவதே முறையாயிற்று. கிட் என்பது குடிப்பெயர். கமிட் என்பது அக்குடியில் ஒருவர் பெயர். இவ்வாறு பின்வரும் பெயரே துணைக்கட்டளை எனப்படும். கிட்டுக்கு இன்று நூற்றுக்கும் மேற்பட்ட துணைக்கட்டளைகள் உள்ளன.

நூறு பேர் வாழும் வீட்டின் வாசலில் என்ன பலகை மாட்டுவது? எல்லோர் பெயரையும் அகரவரிசையில் எழுதினால் அது தொலைபேசி விவரத் திரட்டாகிவிடும். 2015இல் வந்த 2.5 பதிப்பு முதல் ‘கிட் ஹெல்ப்’ அடிக்கடி வேண்டப்படும் சிலவற்றை மட்டும் எடுத்து, வேலையின் போக்குக்கேற்பப் பிரித்துக் காட்டுகிறது: புதிதாகத் தொடங்க, கையிலுள்ள திருத்தத்தில் பணிபுரிய, வரலாற்றையும் நிலையையும் ஆராய, வரலாற்றை வளர்க்க, பிறருடன் கூடி உழைக்க. தொகைநூல் ஒன்றைப் பதிப்பிப்பவர் பாடல்களை முதற்குறிப்பு அகராதியில் அடுக்குவதற்கும் துறைவாரியாக அடுக்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. எந்தத் துணைக்கட்டளை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதை மூலநிரலுடன் உள்ள ஒரு பட்டியற் கோப்பில் மனிதர்கள் எழுதி வைத்துள்ளனர்; அதைப் பார்த்துத் திரையை அடுக்குவது மட்டுமே இயந்திரத்தின் வேலை. அடுக்கும் அறிவு மனிதருடையது என்பது இங்கே நோக்கத்தக்கது.

இனி, உதவித்திரையை இயந்திரமே ஆக்குவது ஏன் என்பதைக் காணவேண்டும்.

வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகளையெல்லாம் காத்து வைக்க ‘ஏடு’ என்றொரு நிரல் எழுதப்படுவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அதற்குச் ‘சேர்’, ‘தேடு’, ‘நீக்கு’ என மூன்று துணைக்கட்டளைகள். தேடும்போது ‘--கவிஞர்’ என்று குறித்து ஒருவர் பெயரை எழுதினால் அவர் கவிதைகள் மட்டும் வரும். இத்தகைய குறிப்பைத் தெரிவு என்பர். இம்மூன்றுக்கும் உதவித்திரையை நிரலர் தம் கையாலேயே எழுதினார் என்று கொள்வோர், அடுத்த ஆண்டு நிகழப்போவதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ‘--கவிஞர்’ என்பதை யாரோ ‘--ஆசிரியர்’ என்று மாற்றுவார். உதவித்திரையை மாற்ற மறப்பார். நிரல் ஒன்று சொல்ல, திரை வேறொன்று சொல்லும். திரையை நம்பி எழுதுபவர்க்கு ‘அத்தகைய தெரிவு இல்லை’ என்ற மறுமொழி கிடைக்கும். குற்றம் தம்முடையது என்றே அவர் நினைப்பார். கட்டளை வரியில் முதன்முதலாக அமர்ந்தவர்கள் பலர் எழுந்து போனது இப்படித்தான்.

இதனைத் தவிர்க்கும் வழி, உண்மைக்கு ஓரிடமே வைப்பதாகும். ஸ்டீவன் பெதார்ட் ஆக்கிய ‘ஆர்க்பார்ஸ்’ என்னும் நிரற்கூறு 2010இல் பைத்தான் மொழியின் 2.7 பதிப்பில் இடம்பெற்றது. நிரலர் ஒரு தெரிவை அறிவிக்கும்போதே அதன் பெயர், அது ஏற்கும் மதிப்பின் வகை, ஒன்றும் தராவிடில் கொள்ளவேண்டிய மதிப்பு, ஒரு வரி விளக்கம் ஆகியவற்றை ஓரிடத்தில் எழுதிவிடுகிறார். எழுதப்பட்ட கட்டளையைப் பிரித்தறிவதற்கும், கேட்டவர்க்கு உதவித்திரையை வரைவதற்கும் அந்த ஒரே அறிவிப்பே மூலம். பெயர் மாறினால் இரண்டும் சேர்ந்தே மாறும். பெயர்களைப் பொறுத்தமட்டில் திரையால் பொய் சொல்ல இயலாது.

துணைக்கட்டளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு விளக்கங்களை ஆர்க்பார்ஸ் கேட்கிறது. ஒன்று, ‘ஏடு’ தன் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் முகப்புத் திரையில் அப்பெயருக்கு எதிரே நிற்கும் ஒற்றை வரி. மற்றொன்று, ‘ஏடு நீக்கு --ஹெல்ப்’ என்று குறித்துக் கேட்டால் அதன் சொந்தத் திரையின் தலையில் வரும் விளக்கம். முதலாவதை எழுத மறந்தால் அத்துணைக்கட்டளைக்கு விளக்கப் பட்டியலில் வரியே கிடைக்காது. மேலே வளைவுக்குறிக்குள் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். விருந்துக்கு வந்தவர்க்கு இலை போடாததுபோல. மேலும், முகப்புத் திரை பிள்ளைகளின் தெரிவுகளைக் காட்டாது. ஒவ்வொருவர் கதவையும் தனித்தனியே தட்டவேண்டும். ஆதலால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அந்த ஒற்றை வரியே தீர்மானிக்கிறது.

இடையே ஒரு வேடிக்கை. ஆர்க்பார்ஸின் விளக்க வரியில் விழுக்காட்டுக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. விளக்கத்தில் அதனை உள்ளபடியே எழுத விரும்புவோர் இரட்டித்து எழுதவேண்டும். முந்தைய பைத்தான் பதிப்புகளில், இரட்டிக்க மறந்தவரின் நிரல் நெடுங்காலம் எல்லா வேலைகளையும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்து, யாரேனும் உதவி கேட்ட கணத்தில் மட்டும் வீழ்ந்துவிட்டது.

எதிர்த்திசையில் நடந்தவரும் உண்டு. விளாதிமிர் கெலெஷெவ் 2012இல் வெளியிட்ட ‘டாக்ஆப்ட்’ என்னும் நிரற்கூறு, முதலில் உதவித்திரையை எழுதச் சொல்கிறது. பயன்படுத்தும் வடிவங்களையும் தெரிவுகளையும் மனிதர் படிப்பதற்கென்று எழுதிவிட்டால், அந்த உரையையே படித்துக் கட்டளையைப் பிரித்தறியும் முறையை அது தானே அமைத்துக்கொள்ளும். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்புவது என்னும் மரபறிந்தோர்க்கு இவ்வழி உவப்பானது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. தெரிவின் பெயருக்கும் விளக்கத்துக்கும் நடுவே இரண்டு இடைவெளி விடவேண்டும். ஒன்று மட்டும் விட்டால் விளக்கத்தின் சொற்களைத் தெரிவின் உறுப்புகளாகக் கருதிவிடும். இடம்விட்டு எழுதுவதால் பொருள் மாறுவதைப் பிரிமொழிச் சிலேடையில் கண்டு மகிழ்ந்தோர், கணிப்பொறியில் கண்டு மகிழ்வதில்லை.

இந்த இரு வழிகளுள் எது சிறந்தது என்பதில் நிரலர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வழியாயினும், பெயர், வகை, கட்டாயமா அன்றா, எத்தனை முறை வரலாம் என்னும் எலும்புக்கூட்டை இயந்திரம் காக்கும். இச்செயல் எதற்கு, எப்போது வேண்டும், செய்தால் என்ன இழக்கப்படும் என்பவற்றை எவ்வழியும் தானாக அறியாது. அவை அந்த ஒற்றை வரியில் மனிதர் எழுதினால்தான் உண்டு.

அவ்வரி தமிழில் எழுதப்படும்போது தோன்றும் இடர்கள் தனிவகையானவை. முதலாவது, வினை நிற்கும் இடம்.

ஆர்மின் ரோனகர் 2014இல் வெளியிட்ட ‘கிளிக்’ என்னும் பைத்தான் கூறு, நிரலர் தம் செயற்கூற்றின் தலையில் எழுதி வைத்த குறிப்பையே உதவியாக எடுத்துக்கொள்கிறது. முகப்புப் பட்டியலுக்கு அக்குறிப்பின் முதல் வாக்கியம் போதும் என்பது அதன் முடிபு. வாக்கியம் வரிக்குள் அடங்காவிடில், அடங்குமட்டும் வைத்துக்கொண்டு மூன்று புள்ளியிட்டு நிறுத்திவிடும். ஆங்கிலத்தில் ஏவல்வினை முதலில் வந்துவிடும்; வெட்டுண்டு போவது வாலில் தொங்கும் அடைகள். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பது. ‘குறித்த தலைப்புடைய கவிதையை ஏட்டில் நிலையாக…’ என்று வரி அறுபட்டால், நிலையாகச் சேமிக்கப்படுமா, நிலையாக நீக்கப்படுமா? கவிதையில் அது சுவையான நிறுத்தமாகலாம். கட்டளை வரியில் பத்தாண்டு உழைப்பு போய்விடும்.

வாக்கியம் எங்கே முடிகிறது என்று கிளிக் அறியும் முறையும் எளியது: முற்றுப்புள்ளியில் முடியும் சொல்லைக் கண்டால் அங்கே வாக்கியம் முடிந்தது. ஆகவே ‘உ.வே.சா. பதிப்பித்த நூல்களைத் தேடும்’ என்று ஒருவர் எழுதி வைத்தால், முகப்புத் திரையில் ‘உ.வே.சா.’ என்பது மட்டும் நிற்கும். ஐயரவர்களின் பெயரே போதிய விளக்கம் என்று இயந்திரம் கருதியதாகக் கொள்ளலாம்தான்.

இரண்டாவது, யார் யாரிடம் பேசுகிறார் என்பது. ஆங்கிலத்தில் வினையின் வெற்று வடிவம் எல்லாத் திசைக்கும் பொருந்துகிறது. பயனர் இயந்திரத்தை ஏவுவதும் அதுவே; திரை பயனர்க்குச் செயலை விளக்குவதும் அதுவே. தமிழில் ‘சேர்’ என்பது ஏவலொருமை. மனிதர் இயந்திரத்திடம் சொல்வதற்கு அது பொருத்தம்; ஆதலால் துணைக்கட்டளையின் பெயராக அது நிற்கலாம். விளக்க வரியிலும் ‘கவிதையை ஏட்டில் சேர்’ என்றே எழுதினால், இயந்திரம் கவிஞரை ஒருமையில் ஏவுவதாகிவிடும். ‘சேர்க்கவும்’ என்று எழுதினால் மரியாதை வந்துவிடும். ஆனால் வேலையைச் செய்யவேண்டியவர் கவிஞர் என்றாகிவிடும். ‘சேர்த்தல்’ என்னும் தொழிற்பெயர் அலுவலகப் படிவத்தின் வாடை வீசுவது. ‘கவிதையை ஏட்டில் சேர்க்கும்’ என்பதே பொருத்தம். எழுவாய் துணைக்கட்டளை, கேட்பவர் மனிதர், செய்வது இயந்திரம். மனிதர் தாமே ஒன்றைச் செய்யவேண்டிய இடத்தில் மட்டும் வியங்கோள் வரலாம்: ‘தலைப்பை மேற்கோட்குறிக்குள் தருக’. பெயருக்கு ஏவல், விளக்கத்துக்குச் செய்யுமென் முற்று, அறிவுரைக்கு வியங்கோள் என்று முன்னரே வகுத்துக்கொண்டால், பலர் சேர்ந்து மொழிபெயர்க்கும்போதும் குரல் ஒன்றாக ஒலிக்கும். மொழிபெயர்க்கப்பட்ட திரைகளில் இம்மூன்றும் கலந்து கிடக்கக் காண்பது, ஒரே மேடையில் மூவர் ஒருசேரப் பேசக் கேட்பதை ஒக்கும்.

மூன்றாவது, வேற்றுமை உருபு. உதவித்திரையும் பிழைச்செய்தியும் அச்சு வார்ப்புகள் போன்றவை. நடுவே ஒரு வெற்றிடம். அதில் பயனர் எழுதிய பெயரை இயந்திரம் இட்டு நிரப்பும். ஆங்கிலத்தில் எப்பெயரும் உருமாறாமல் அவ்விடத்தில் அமரும். தமிழில் ‘கடல்’ என்ற கவிதையை நீக்கும்போது ‘கடலை’ என்றாகும். ‘மரம்’ என்ற கவிதை ‘மரத்தை’ என்று சாரியை பெறும். ‘பூ’ என்பது ‘பூவை’ என்று உடம்படுமெய் கொள்ளும். வெற்றிடத்துக்குப் பின் ‘ஐ’ என்று ஒட்டி வைத்தால் ‘மரம்ஐ’ என்றுதான் திரையில் வரும். கடலை என்பதற்கோ தின்னும் பொருளும் உண்டு. புணர்ச்சி விதிகளையெல்லாம் நிரலுக்குக் கற்பிக்கவேண்டியதில்லை. ‘மரம் என்னும் கவிதையை’ என்று, உருபைத் தாங்க வேறொரு பெயரை நிறுத்திவிட்டால் போதும். ஆனால் அப்படி மாற்றி அமைக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளர்க்குக் கிடைக்கவேண்டும். உல்ரிக் டிரெப்பர் 1995 அளவில் உருவாக்கிய குனு ‘கெட்டெக்ஸ்ட்’ என்னும் மொழிபெயர்ப்புக் கருவியின் கையேடு, செய்திகளைத் துண்டுதுண்டாக வெட்டி ஒட்டாமல் முழு வாக்கியமாகவே மொழிபெயர்ப்பாளரிடம் தரவேண்டும் என்று நிரலர்களை அறிவுறுத்துகிறது. அவ்வறிவுரை மீறப்பட்ட நிரலில், எத்துணைப் புலமை உடையவராலும் நல்ல தமிழ் எழுத இயலாது.

நான்காவதாக வருவதே யாப்போடு நேரே உறவுடையது.

உதவித்திரை இரு பத்திகளாக நிற்பது. இடப்புறம் பெயர், வலப்புறம் விளக்கம். ஆர்க்பார்ஸ் விளக்கத்தை இயல்பாக 24ஆம் இடத்துக்கு அப்பால் தள்ளாமல், எல்லா வரிகளிலும் ஒரே நேர்க்கோட்டில் தொடங்க முயல்கிறது. அதற்குப் பெயரின் நீளத்தை எண்ணி, எஞ்சியதை வெற்றிடத்தால் நிரப்பவேண்டும். எண்ணுவது எதனை என்பதில்தான் சிக்கல். ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு எத்தனை எழுத்து? மூன்று என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்தது. கட்டளைக் கலித்துறை பாடுவோர் ஒற்றை நீக்கி எண்ணுவதால் இரண்டு என்பர். யூனிகோடு முறையில் தமிழுக்கு 1991 முதல் இடம் உண்டு. அம்முறையில் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என ஐந்து குறிகள். பைத்தான் எண்ணுவது இதைத்தான். கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் என 15. திரைக்கட்டங்களின் கணக்கோ இவை எவற்றோடும் ஒட்டாத இன்னொன்று.

அந்தக் கணக்கு விந்தையானது. ஒவ்வொரு குறியும் திரையில் எத்தனை கட்டம் அடைக்கும் என்று சொல்ல மார்க்கஸ் குன் எழுதிய சிறுநிரல் முனையங்கள் பலவற்றில் கையாளப்பட்டது. தனியே இடம் கொள்ளாமல் முன்னெழுத்தின் மேலோ கீழோ ஏறிநிற்பவை என யூனிகோடு வகைப்படுத்தியவற்றுக்கு அது கட்டம் தருவதில்லை. தமிழில் அவ்வாறு வகைப்பட்டவை புள்ளியும் ஈகாரக் கொம்பும் போன்ற மிகச் சில. இகரக் கொம்போ இடம் கொள்வது என்ற வகையில் போய்விட்டது. விளைவு: ‘கி’ என்னும் குறிலுக்கு இரண்டு கட்டம், ‘கீ’ என்னும் நெடிலுக்கு ஒரு கட்டம். மாத்திரைக் கணக்கைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோன்ற இவ்வகைப்பாட்டைத் திட்டமிட்டுச் செய்தவர் எவருமிலர். ‘தமிழ்’ இக்கணக்கில் நான்கு. ஆக, ஒரே சொல்லுக்கு யாப்பில் இரண்டு, எழுத்தில் மூன்று, கட்டத்தில் நான்கு, குறியில் ஐந்து.

நிரல் ஐந்தென்று எண்ணி வெற்றிடம் நிரப்ப, திரை நான்கு கட்டத்தில் சொல்லை வரைந்தால், விளக்கப் பத்தி ஒரு கட்டம் உள்வாங்கும். அடுத்த வரியில் புள்ளியில்லாச் சொல் வந்தால் நேர்நிற்கும். புள்ளிகள் மிகுந்த சொல் வந்தால் மேலும் உள்வாங்கும். திரை முழுதும் பல்விழுந்த சீப்புப்போல் ஆகிவிடும். அதனைக் கண்ட புதியவர், தமிழ் கணிப்பொறிக்கு ஒத்துவராத மொழி என்று முடிவுகட்டிவிடுவதே இதில் பெரிய இழப்பு. மொழியில் குறை ஒன்றுமில்லை. 16 என்றும் 17 என்றும் எழுத்தெண்ணிப் பாடிய மரபில், எண்ணத் தெரியாமலில்லை. எண்ணுவதற்குரிய அலகு எது என்று நிரலர்க்குச் சொல்வார் இல்லாமற்போயிற்று. ‘கட்டளை’ என்னும் சொல்லே யாப்பில் எழுத்தளவின் வரையறையைக் குறிப்பது என்பது ஒரு தற்செயலான இனிமை.

இதற்குத் தீர்வு இரண்டு. கொம்பும் புள்ளியும் சேர்ந்த முழு எழுத்தை ஓரலகாகக் கொண்டு எண்ணும் விதிகளை யூனிகோடு வகுத்துள்ளது. நிரலும் முனையமும் அவற்றை ஒருங்கே ஏற்றுக்கொள்வது ஒரு வழி. இருவரும் ஒருங்கே ஏற்கும் நாள் வரை காத்திராதது மற்ற வழி: விளக்கத்தைப் பெயருக்கு எதிரே வைக்காமல், அடுத்த வரியில் உள்தள்ளித் தொடங்கிவிடுவது. பெயர் நீண்டுவிட்டால் ஆர்க்பார்ஸ் ஆங்கிலத்துக்கும் அப்படித்தான் செய்கிறது. பெயரின் நீளத்தை எண்ணவேண்டியதே இல்லையாதலால் கோணலும் இல்லை. திரை சற்று நீளும், அவ்வளவே.

உதவி கேட்டுப் பெற்றால் அது வழக்கமான வெளியீட்டில் வரவேண்டும். பிழையால் தானாகத் தோன்றினால் பிழைக்கான தனி வழியில் வரவேண்டும் என்பன போன்ற நடைமுறை விதிகளும் உண்டு. அவை நிரலர்க்கே உரியவை. இங்கு விரிப்பதில் பயனில்லை.

அவையோர்க்கு உரியது அந்த ஒற்றை வரிதான். அது கைவிடப்பட்டால் என்னாகும் என்பதற்குக் கிட்டின் ‘கிளீன்’ என்னும் துணைக்கட்டளையைக் காட்டலாம். வரலாற்றில் சேர்க்கப்படாத கோப்புகளை அது அழிக்கும். அப்படி அழிந்தவை கிட்டின் காப்பில் இல்லாதவை. ஆதலால் கிட்டினால் அவற்றை மீட்டுத்தர முடியாது. அழிவின் வாசலில் காவலாக இரண்டு தெரிவுகள் உள்ளன. ‘-என்’ என்று எழுதினால், எவையெல்லாம் அழியும் என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் நிற்கும். ‘-எஃப்’ என்று எழுதினால் மெய்யாகவே அழிக்கும். இயல்பான அமைப்பில் இதனை எழுதாமல் அழிக்க மறுத்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் ‘கிட் கிளீன் -எச்’ என்று கேட்டு வரும் குறுந்திரையில் இவ்விரண்டுக்கும் உள்ள விளக்கம் ‘ஒத்திகை’ என்றும் ‘வலுக்கட்டாயம்’ என்றும் பொருள்படும் சொற்கள் மட்டுமே. தெரிவின் நெடும்பெயரும் அவையே. மரம் என்றால் மரம் என்று அகராதி எழுதியதற்கு ஒப்பானது இது. நெடுங்கையேட்டில் விளக்கம் செவ்வனே உள்ளது. ஆயின் நள்ளிரவில் ஒருவர் அவசரத்தில் பார்ப்பது குறுந்திரையைத்தான்.

இக்குறை இயந்திரம் ஆக்கியதால் வந்ததன்று. கேட்கப்பட்ட இடத்தில் ஏதோ ஒன்றை எழுதி இடத்தை அடைத்ததால் வந்தது. செய்தவர்க்கு அச்சொல் வெளிச்சமாகவே இருந்திருக்கும். சிறப்புப் பாயிரம் செய்தற்குரியோராக நன்னூல் நால்வரைச் சொல்கிறது: நூல் செய்தவனின் ஆசிரியன், அவனோடு கற்றவன், அவன் மாணாக்கன், தகுந்த உரைகாரன். நூல் செய்தவனே அப்பட்டியலில் இல்லை. தற்புகழ்ச்சி கூடாது என்பதற்காக அமைந்த விதியாக அதனைக் கொள்வது வழக்கம். உதவித்திரையைப் பார்த்தபின், செய்தவனுக்குத் தன் நூலில் எது புரியாது என்பது தெரியாது என்பதும் ஒரு காரணமாகலாம் என்று தோன்றுகிறது. துணைக்கட்டளையின் வரியை எழுதத் தக்கவர் அதனை நேற்றுக் கற்றுக்கொண்டவர்.

கற்பனை நிரலான ‘ஏடு’க்குத் திரும்பினால், அதன் மூன்றாம் துணைக்கட்டளைக்குரிய திரை பின்வருமாறு அமையலாம்.

ஏடு நீக்கு
    கவிதையை மீளாதபடி அழிக்கும்.

தரவேண்டியது:
    தலைப்பு
        அழிக்கவேண்டிய கவிதையின் தலைப்பு. இடைவெளி இருப்பின் மேற்கோட்குறிக்குள் தருக.

தெரிவுகள்:
    --ஒத்திகை
        எதனையும் அழிக்காது, அழியப்போகும் கவிதைகளின் தலைப்புகளை மட்டும் காட்டும். முதலில் இதனைச் செய்து பார்க்க.
    --உறுதி
        மெய்யாகவே அழிக்கும். இதனை எழுதாவிடில் ‘நீக்கு’ இயங்காது.

தெரிவுகளின் பெயரையும் அவை நிற்கும் ஒழுங்கையும் இயந்திரம் தன் அறிவிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒத்திகையை உறுதிக்கு முன்னால் அறிவிக்கவேண்டியது மட்டும் நிரலரின் பொறுப்பு. தலையில் உள்ள மூன்று சொல் வாக்கியம் கவிஞரிடம் கேட்டுப் பெறவேண்டியது. அது 14 எழுத்து. இடைவெளி இரண்டும் சேரக் கணிப்பொறிக்கு 26 குறி. எந்த முகப்புத் திரையிலும் வெட்டுப்படாமல் அடங்கும், வினைமுற்றும் தப்பிவிடும். ‘மீளாதபடி’ என்பதனினும் குறுகிய சொல் அவையில் எவரிடமேனும் இருந்தால், வரியில் இன்னும் இடம் இருக்கிறது.